நியூசீஸ் படத்தை வைத்து மலையக வரலாறு படிப்பிக்கலாம்: புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு

வரலாற்றுப் பாடத்துக்குப் படம் காட்டப் போகிறேன் என்று சொன்னால் ஆசிரியர் அறையில் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். "சிலபஸ் முடியவில்லை, இதில் படம் வேறா" என்று ஒரு முகம். "எங்கள் வகுப்பையும் சேர்த்துக் கூப்பிடுங்களேன், எனக்கு மார்க் போட வேலை இருக்கிறது" என்று இன்னொரு முகம். இரண்டு பேரையும் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நான் முதல் தடவை செய்த லட்சணம் அப்படி. தரம் 10 பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைத்து, இரவல் ப்ரொஜெக்டரில் முழுப்படத்தையும் ஓடவிட்டேன். ஒன்றேகால் மணித்தியாலத்தில் கரன்ட் போனது. வெளியே மழை, உள்ளே இருட்டு, பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த நாள் என்ன விளங்கியது என்று கேட்டால், "நல்லா டான்ஸ் ஆடினாங்க டீச்சர்" என்றான் ஒருவன். அவனில் பிழையில்லை, நான் கேட்க ஒன்றும் வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நான்கு வருடமாகத் திருத்தித் திருத்தி இப்போது ஒரு முறை கைக்கு வந்திருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் முதல் நியமனம் கிடைத்து வந்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எந்தப் படம், ஏன்

நியூசீஸ். 1992ல் டிஸ்னி எடுத்தது, இயக்கம் கெனி ஒர்டேகா, பிறகு பேட்மேனாக வந்தாரே கிறிஸ்டியன் பேல், அவர்தான் கதாநாயகன், அப்போது சின்னப் பையன். 1899 ஜூலையில் நியூயோர்க்கில் பேப்பர் விற்ற பையன்கள் செய்த வேலைநிறுத்தம்தான் கதை. "நியூயோர்க் பையன்களுக்கும் நம்ம லயத்துப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம், பரதேசி இருக்கிறதே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு). பரதேசி நல்ல படம், தேயிலைத் தோட்டக் கதை, ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த அடியும் சாவும் கொஞ்சம் கூடுதல். உயர்தர வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், அதில் பத்திரிகை கிடையாது. நியூசீஸில் முதலாளியே பத்திரிகைக்காரன். யாருக்கு எதிராக ஸ்ட்ரைக் நடக்கிறதோ அவன் கையில்தான் அச்சு இயந்திரமும் இருக்கிறது. அப்படியானால் அந்த ஸ்ட்ரைக்கை யார் எழுதுவது? நான் நான்கு பாடவேளையும் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன்.

முன்வேலை

நீங்கள் இரண்டு தடவை பாருங்கள். ஒரு தடவை சும்மா, இரண்டாம் தடவை கொப்பியும் பேனையுமாக, எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று எழுதிக்கொண்டு. படம் இரண்டு மணித்தியாலம், பாடவேளை ஒரு மணித்தியாலம்கூட இல்லை, ஆகவே முழுவதும் காட்டும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். நான்கு துண்டு போதும், எல்லாம் சேர்த்து 25 நிமிடத்துக்குள்: விலை கூட்டியதும் பையன்கள் ஸ்ட்ரைக் என்று முடிவெடுக்கும் இடம், ஒரு நிருபர் வந்து அவர்களுடன் பேசிப் படம் பிடித்துப் பேப்பரில் போடும் இடம், பையன்கள் தாங்களே ஒரு பத்திரிகை அடிக்கும் இடம், கடைசிக் காட்சி.

பென்ட்ரைவில் கொண்டு போங்கள். மழை இறங்கினால் எங்கள் பக்கம் சிக்னல் கீழே டவுனுக்கே போய்விடும். அதிபரிடம் எந்தப் பாட அலகுக்கு, எத்தனை பாடவேளை என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு யாரும் வந்து கேட்டால் அவரே பதில் சொல்லிக்கொள்வார். படம் ஆங்கிலம், பாட்டும் ஆங்கிலம், அதுவும் தெருப்பையன் ஆங்கிலம். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் யார் யார், என்ன நடக்கப் போகிறது என்று தமிழில் கதையாகச் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்தால் சுவை கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம், ராமாயணக் கூத்து பார்க்கிறவனுக்குக் கதை தெரியாதா என்ன.

முதல் பாடவேளை: படம் இல்லை, கணக்கு

ப்ரொஜெக்டரைத் தொடாதீர்கள். கரும்பலகையில் இப்படி எழுதுங்கள். பையன் பேப்பர் ஆபீசில் 100 பேப்பர் கட்டை 50 சதத்துக்கு வாங்குகிறான், ஒன்று 1 சதமாக விற்கிறான். எல்லாம் விற்றால் கையில் 50 சதம் மிஞ்சும். இப்போது கட்டு விலை 60 சதம் ஆகிறது, விற்கும் விலை அதேதான். மிஞ்சுவது 40.

இதை எல்லாரும் உடனே போட்டுவிடுவார்கள். அடுத்ததுதான் விஷயம். 20 பேப்பர் விற்கவில்லை என்றால்? பேப்பர் ஆபீஸ் மிச்சத்தைத் திருப்பி எடுக்காது. வரவு 80 சதம்தான், பழைய விலையில் 30 மிஞ்சும், புது விலையில் 20. பத்துச் சத உயர்வு என்று கேட்க லேசாக இருப்பது அந்தப் பையனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிட்டது. இதைப் பிள்ளைகளே போட்டுக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

போன வருடம் இந்த இடத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், இது அரைப்பேர் மாதிரித்தானே" என்றது. வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனால் பேர் விழும். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். எங்கள் பக்கம் 18 கிலோ என்பார்கள். மழையில் கொழுந்து வராதது, மலை வறண்டது, எதுவும் கணக்கில் இல்லை, நட்டம் எடுக்கிறவள் தலையில். பேப்பர் விற்காத நாளின் நட்டம் பையன் தலையில் விழுந்த மாதிரி. அந்தப் பிள்ளை அதைச் சொன்ன பிறகு நான் நியூயோர்க்கை விளக்கவே தேவை வரவில்லை. உங்கள் வகுப்பில் யாரும் சொல்லாவிட்டால் நீங்களே "இப்படி நட்டம் வேலை செய்கிறவர் தலையில் விழுகிற வேறு வேலை தெரியுமா" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். வரும்.

இரண்டாம் பாடவேளை: துண்டுகள்

இப்போது முதல் மூன்று துண்டுகளையும் காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின் நிறுத்துங்கள். கேள்வி அதிகம் வேண்டாம். முதல் துண்டுக்கு: யார் முதலில் பேசினான், மற்றவர்கள் ஏன் நம்பினார்கள்? இரண்டாவதுக்கு: நிருபர் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவதுக்கு: கையில் காசில்லாதவன் பத்திரிகை அடிக்க யார் யாருடைய உதவி வேண்டும்? அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியை அடுத்த பாடவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும்.

மூன்றாம் பாடவேளை: படம் எங்கே பொய் சொல்கிறது

கடைசிக் காட்சியைப் போட்டு, எல்லாரும் கைதட்டி முடித்ததும் கரும்பலகையை நடுவில் கோடு கிழித்து "படத்தில்", "நடந்தது" என்று இரண்டு பக்கமாக்குங்கள். இந்தப் பகுதிக்கு நீங்கள் தயாராக வர வேண்டும், ஆகவே எனக்குத் தெரிந்ததைத் தருகிறேன்.

படத்தில் 1899ல்தான் விலை கூடுகிறது. உண்மையில் அது கூடியது 1898ல், அமெரிக்கா ஸ்பெயினுடன் சண்டை போட்ட காலத்தில். சண்டைச் செய்திக்காக ஜனங்கள் பேப்பரை அள்ளிக்கொண்டு போனார்கள், பையன்களும் விலை ஏறியதைப் பொறுத்துக்கொண்டார்கள். சண்டை முடிந்து விற்பனை விழுந்ததும் மற்றப் பத்திரிகைகள் விலையை இறக்கின, ஜோசப் புலிட்சரின் வேர்ல்டும் வில்லியம் ராண்டொல்ஃப் ஹேர்ஸ்டின் ஜேர்னலும் இறக்கவில்லை. படம் இந்த ஒரு வருடத்தை விழுங்கிவிட்டது. கெட்ட முதலாளி திடீரென்று விலை கூட்டினான் என்றால் கதை லேசு, சந்தோஷமான காலத்தில் கூட்டியதைக் கஷ்ட காலத்தில் இறக்காமல் விட்டான் என்பதைச் சினிமாவில் காட்டுவது கஷ்டம். ஆனால் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாவது மாதிரித்தான் நடக்கிறது.

கதாநாயகன் ஜாக் கெலி கற்பனை. உண்மையில் அந்த ஸ்ட்ரைக்கில் அதிகம் பேசப்பட்டவன் ஒரு கண் தெரியாத பையன், கிட் பிளிங்க் என்று பட்டப்பெயர். அவன் கூட்டத்தில் பேசியதைப் பத்திரிகைகள் அவனுடைய தெரு உச்சரிப்பு அப்படியே தெரிகிற மாதிரி எழுத்தைச் சிதைத்து அச்சடித்தன. வாசிக்கிறவர்களுக்கு அது வேடிக்கை. இதைச் சொல்லிவிட்டு, நம்முடைய பேப்பர்களில் ஒரு அமைச்சர் பேசுவதை எப்படி எழுதுகிறார்கள், தோட்டத்து அம்மா ஒருவர் பேசுவதை எப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு பழைய பேப்பரைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரு பாடவேளை இதிலேயே போயிருக்கிறது. போகட்டும்.

முடிவும் வேறு. படத்தில் முதலாளி பணிந்துவிடுகிறார். நிஜத்தில் கட்டு விலை 60 சதத்திலேயே நின்றது, ஆனால் விற்காத பேப்பரைத் திருப்பி எடுக்க ஒத்துக்கொண்டார்கள். இப்போது முதல் நாள் கணக்குக்குத் திரும்பிப் போங்கள். மிஞ்சிய 20 பேப்பரையும் வாங்கிய விலைக்கே திருப்பி எடுக்கிறார்கள் என்று வைத்தால், பையனுக்குச் செலவு 48 சதம், வரவு 80, கையில் 32. விலை கூட முன்பு, 20 மிஞ்சிய நாளில், 30தான் இருந்தது! ஆனால் எல்லாம் விற்ற நாளில் முன்பு 50, இப்போது 40. அப்படியானால் பையன்கள் வென்றார்களா, தோற்றார்களா? வகுப்பு இரண்டாகப் பிரியும். எல்லாம் விற்கிற கெட்டிக்காரனுக்கு நட்டம் என்பான் ஒருவன், எப்போதும் பேப்பர் மிஞ்சுகிறவனுக்கு லாபம் என்பான் இன்னொருவன். சங்கமும் முதலாளிமாரும் பேசிச் செய்யும் கூட்டு ஒப்பந்தம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்ததைவிட இந்த அரை மணித்தியாலச் சண்டையில் பிள்ளைகள் கூடப் படிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் நம்முடைய முக்கியக் கேள்வி. வேர்ல்டும் ஜேர்னலும் அடிவாங்கியபோது யார் எழுதினார்கள்? போட்டிப் பத்திரிகைகள். சன், ட்ரிபியூன் போன்றவை விழுந்து விழுந்து எழுதின. பையன்கள் மேல் பாசம் கொஞ்சம் இருந்திருக்கலாம், புலிட்சர் சறுக்குவதைப் பார்க்கிற சந்தோஷம் நிறைய இருந்திருக்கும். நல்ல செய்தி எப்போதும் நல்ல மனசிலிருந்துதான் வருகிறது என்று பிள்ளைகள் நினைத்திருந்தால் இந்த இடத்தில் அது உடையும்.

நான்காம் பாடவேளை: புடவை மூட்டை

இந்த நாள் வகுப்புக்குப் போகும்போது நான் ஒரு புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போவேன். மேலே இரண்டு சேலை, அடியில் ஒரு பழைய பேப்பர். மேசையில் வைத்து, இதைத் தூக்கிக்கொண்டு யார் லயத்துக்கு வருவார்கள் என்று கேட்பேன். "புடவைக்காரன்" என்பார்கள், இப்போதும் சம்பள நாளுக்குப் பிறகு வருகிறார்கள்தானே. சரி, ஒருவர் புடவை விற்க வராமல் புடவைக்காரன் வேஷத்தில் வந்தார், ஏன் என்று கேளுங்கள்.

கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். 1919 வாக்கில் இலங்கைக்கு வந்தபோது தோட்டத்துக்குள் வெளியாள் நுழைவதென்றால் துரையின், அதாவது தோட்டத்தை நடத்தும் அதிகாரியின், அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுத்துவிடலாம். லயத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க அவர் புடவை வியாபாரியாகப் போனார். பிறகு கொழும்பில் தேசநேசன் பத்திரிகைக்கு ஆசிரியர், 1924ல் தேசபக்தன், 1925ல் சட்டசபை, 1931ல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம், 1936ல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபை (சட்டசபைக்குப் பிறகு வந்த சபை). இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: முதலில் போய்ப் பார்த்தார், பிறகு பத்திரிகை, அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்கான சங்கம். நியூயோர்க் பையன்கள் ஸ்ட்ரைக் பண்ணிய பிறகு எழுத ஆள் வந்தது, இங்கே எழுத ஆள் வந்த பிறகு சங்கம் வந்தது. ஏன் வரிசை மாறியது என்று விடைத்தாளில் நான்கு வரி எழுதச் சொல்லலாம்.

படத்தில் ஸ்ட்ரைக் நடுவில் பையன்கள் பாடி ஆடுவதைப் பார்த்து "சினிமாதானே" என்று சிரித்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மீனாட்சி அம்மாளைச் சொல்லுங்கள், நடேசய்யரின் மனைவி, அவரும் எழுதியவர். தோட்டத்தில் அப்போது எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் சிலர்தான். பேப்பர் போகாத காதுக்குப் பாட்டுப் போகும் என்று கூட்டங்களில் பாடினார், 1940ல் அந்தப் பாட்டுகள் அச்சிலும் வந்தன. பாட்டும் பத்திரிகைதான் என்று ஒரு வருடம் ஒரு பையன் எழுதியிருந்தான், முழு மார்க் போட்டேன்.

பேப்பர் விற்ற பையன்களின் வயது பிள்ளைகளை இழுக்கும், ஆகவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இலங்கையில் 1927ல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று கூலி தனித்தனி. சட்டத்திலேயே பிள்ளைக்கு ஒரு கூலி இருந்தது என்றால் மலையில் எத்தனை பிள்ளைகள் நின்றிருப்பார்கள் என்று அவர்களே யோசிப்பார்கள்.

தலைப்பு எழுதும் வேலை

இதற்கு முல்லோயாவை எடுங்கள். 1940 ஜனவரி 10, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம், பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார், பிறகு விசாரணை ஆணைக்குழு வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு வகுப்பை நான்காகப் பிரித்து, அடுத்த நாள் பேப்பருக்கு ஒரே ஒரு தலைப்பு எழுதச் சொல்லுங்கள். ஒரு குழு துரைமார் வாசிக்கும் ஆங்கிலப் பேப்பர், ஒன்று கொழும்புத் தமிழ்ப் பேப்பர், ஒன்று சங்கத்தின் துண்டுப் பிரசுரம், ஒன்று அரசாங்க அறிக்கை. எங்கள் வகுப்பில் வந்தவற்றில் இரண்டு: "தோட்டத்தில் குழப்பம், ஒருவர் மரணம்." "கோவிந்தனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முதலாவதில் சுட்டவன் எங்கே என்று கேளுங்கள். தமிழ் இலக்கணத்தில் எழுவாயும் செயப்பாட்டுவினையும் படிப்பிக்கும் டீச்சரையும் கூட்டிக்கொண்டால் இன்னும் நல்லது, எங்களில் ஒருவர் அப்படி வந்து என் பாடத்தையே கொண்டுபோய்விட்டார்.

வீட்டு வேலை, அதில் கவனம்

வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் தோட்டத்தில் நடந்த ஒரு ஸ்ட்ரைக்கைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வருடம் கிடைக்காது, அதற்குப் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். ஒரு பிள்ளையின் அப்பாயி, "அந்த வருசம் தீவாளி அட்வான்சும் வரல, துணியும் எடுக்கல, ஒங்கப்பன் கைப்புள்ள" என்று சொல்லியிருந்தார். அப்பா பிறந்த வருடத்தை வைத்துப் பிள்ளை கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தது. வரலாற்றாசிரியர்கள் செய்வதும் இதைத்தான். கேட்கும்போது சம்பளம் எவ்வளவு, எத்தனை நாள் பிரட்டுக்கு (காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கும் இடம்) போகவில்லை, அந்த நாட்களில் என்ன சாப்பிட்டார்கள், பேப்பரில் வந்ததா, ரேடியோவில் சொன்னார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "இல்ல" என்றுதான் வரும்.

ஒரு வருடம் இவற்றைச் சுவர்ப் பத்திரிகையாகப் போட்டோம். "மாசா மாசம் சந்தா வெட்டுறாங்க, தலைவர் எட்டிப் பாக்குறதில்ல" என்று சங்கச் சந்தாவையும் தோட்டத்துச் சங்கத் தலைவரையும் பற்றி அம்மா சொன்னதை ஒரு பையன் அப்படியே எழுதிவிட்டான், தோட்டத்தின் பெயரோடு. இரண்டே நாளில் அதிபருக்குப் போன். நான் அதைக் கிழிக்கவில்லை, ஆனால் அந்தப் பையனைத் தலைவரிடமே அனுப்பி அவர் பக்கத்தையும் கேட்டு வரச் செய்து, பக்கத்தில் ஒட்டினோம். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும், அது என் பிழை. ஆகவே உங்களுக்கு: தோட்டத்தின் பெயர், துரையின் பெயர், தலைவரின் பெயர் வேண்டாம். சொன்னவரின் பெயர் வேண்டவே வேண்டாம், வேலை செய்கிறவர்கள், அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர்கள். ஒருவரைப் பற்றிக் குறை எழுதினால் அவரிடமும் கேட்டு எழுத வேண்டும். யாரும் போனில் படம் எடுத்து வெளியே போடக்கூடாது.

வெளியே கூட்டிப்போக முடிந்தால் கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய லயத்து அறையையே வைத்திருக்கிறார்கள். பஸ் காசு சேராவிட்டால் நூலகம் இணையத்தளத்தில் மலையக நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாக இருக்கின்றன, நீங்கள் இறக்கி இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக்கொண்டு போகலாம். சாதாரண தரப் பரீட்சையில் இதெல்லாம் வருமா என்று பெற்றோர் கேட்டால், கட்டுரை வினாவில் காரணமும் விளைவும் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எந்தக் கேள்வி வந்தாலும் கை நடுங்காது என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்த தாள்களைச் சும்மா அலுமாரியில் போட்டுவிடாதீர்கள். திகதி போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கட்டி வையுங்கள். என்னுடைய முதல் வருடத்துத் தாள்கள் ஜூன் மழையில் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரிக்கப் பிரிக்க எழுத்து மற்றத் தாளோடு போய்விட்டது.